மஞ்சள் சுடரும் நீலச் சுடரும்: காலாங் வாயு ஆலை முதல் நம் அடுப்பங்கரை வரை



மெல்பர்ன் நகரில் வாழும் என் தங்கை சென்ற குளிர்காலத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் வீட்டுக் கூடத்தில் எரிவாயுவால் எரியும் கணப்பு ஒன்று உண்டு. விறகைப் போலவே வார்க்கப்பட்ட பீங்கான் கட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள்; அவற்றின் இடுக்குகளில் மஞ்சள் தீ நெளிந்தாடும்; முன்புறத்தை ஒரு கண்ணாடி மூடியிருக்கும். அந்தக் கண்ணாடி முழுவதும் அட்டைக் கரியாகப் படிந்திருந்தது. "அக்கா, விறகே இல்லாத அடுப்பில் கரி எங்கிருந்து வருகிறது? ஆசிரியைதானே, விளக்குங்கள்" என்று ஒரு வரியும் எழுதியிருந்தாள்.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்குக் கணப்பு எதற்கு? குளிர்காய வேண்டுமென்றால் கேமரன் மலைக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே ஆங்கிலேயர் காலத்து விடுதிகளில் கணப்படுப்பைக் கண்டு நம் பிள்ளைகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆயினும் தங்கையின் கேள்வியை என்னால் சிரித்துக் கடந்துவிட இயலவில்லை. வாயு எரியும் அடுப்பில் கரி படிவதற்கு என்ன பொருள் என்பதை எங்கள் வீடே ஒருமுறை அச்சத்தோடு கற்றுக்கொண்டது. அதைச் சொல்வதற்குமுன், நம் ஊருக்கு வாயு வந்த வரலாற்றைச் சற்றே சொல்ல வேண்டும். கரியைப் பழித்தே பழகிவிட்ட நமக்கு, ஒரு காலத்தில் அந்தக் கரிதான் ஒளியாக இருந்தது என்பது வியப்பாக இருக்கும்.

தமிழர்க்குக் கரி பகையன்று. பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அதன்மேல் கரி மையைத் தடவித் துடைக்க வேண்டும். கீறலில் தங்கிய கரியே எழுத்தாகத் தெரியும். அவ்வாறு மை பூசிய சுவடியைப் பிள்ளையின் கையில் கொடுத்துக் கல்வியைத் தொடங்கி வைப்பதை 'மையாடல்' என்றனர் முன்னோர். விளக்குச் சுடரின்மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்த கரியை எண்ணெயில் குழைத்துக் குழந்தைக்குக் கண்மை தீட்டிய பாட்டிமார் நம்மில் பலர் வீட்டில் இருந்திருப்பார்கள். எண்ணெய் விளக்கில் கரி பிடிப்பது எளிது. சுடரின் நடுவே குளிர்ந்த தட்டொன்று குறுக்கிட்டால் போதும். எரிந்து முடியாத கரித்துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

இதே உண்மையை 1816-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் அறிவியல் முறையில் எடுத்துரைத்தவர் ஹம்ப்ரி டேவி. சுடர் மஞ்சளாக ஒளிர்வதற்குக் காரணம் அதனுள் வெப்பத்தால் தகதகக்கும் நுண்ணிய கரித்துகள்களே என்று அவர் விளக்கினார். அவருடைய உதவியாளராக இருந்து பின்னர் பேரறிஞராக விளங்கிய மைக்கேல் ஃபாரடே, சிறுவர்களுக்காக நிகழ்த்திய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு இதனையும் இன்னும் பலவற்றையும் செய்து காட்டினார். ஆசிரியர்களாகிய நாம் அனைவரும் ஒருமுறையேனும் படிக்க வேண்டிய நூல் அது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி ஒரு முழுத் தொடர் பாடம்!

இனி நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரின் தெருக்களில் முதன்முதலில் ஏற்றப்பட்டவை தேங்காய் எண்ணெய் விளக்குகள், ஆண்டு 1824. நாற்பது ஆண்டுகள் அந்த மங்கிய ஒளியிலேயே ஊர் நடமாடியது. இன்று நாம் லிட்டில் இந்தியா என்று அழைக்கும் சிராங்கூன் சாலைப் பகுதியில் அப்போது கடைவீதியைவிடச் செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களுமே பெயர் பெற்றவை. தமிழர் அவ்விடத்தைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றே வழங்கினர். வீரமாகாளியம்மன் ஆலயத்தையும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று சொன்ன முதியவர்கள் உண்டு. ஆக அந்த வட்டாரத்துக்குப் புகையும் கரியும் புதியன அல்ல.

1862-இல் சிங்கப்பூர் எரிவாயு நிறுவனம் காலாங்கில் ஒரு வாயு ஆலையைக் கட்டியது. 1864-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், விக்டோரியா அரசியின் பிறந்த நாளன்று, வாயு விளக்குகள் முதன்முறையாக நகரத் தெருக்களில் ஒளிர்ந்தன. உச்சியில் தீ எரிகிறது, ஆனால் கம்பம் சுடவில்லை. இது எப்படி என்று புரியாமல் மக்கள் விளக்குக் கம்பங்களை விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம். அக்காலக் குறிப்பொன்று அவர்களைச் சற்றே ஏளனத்தோடு வருணிக்கிறது. எனக்கோ அவர்கள்மீது மதிப்புத்தான் தோன்றுகிறது. ஐயம் வந்தால் தொட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த மாணவர் இயல்பு வேறென்ன?

காலாங்கில் வாயு எவ்வாறு செய்யப்பட்டது? நிலக்கரியைக் காற்றுப் புகாத கலன்களில் அடைத்து வெளியிலிருந்து சூடேற்றுவர். கரி எரியாது, அதிலுள்ள ஆவிகள் மட்டும் பிரிந்து வெளியேறும். தாரையும் கந்தகத்தையும் நீக்கித் தூய்மை செய்தபின், மேலும் கீழும் ஏறி இறங்கக்கூடிய பெரும் இரும்புத் தொட்டிகளில் அதைச் சேர்த்து வைத்துக் குழாய் வழியே ஊருக்கு அனுப்புவர். இரவும் பகலும் உலை எரிந்த அந்த இடத்தை ஹொக்கியன் பேசும் சீனர்கள் தம் மொழியில் 'நெருப்பு நகரம்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்!

அன்றைய வாயு விளக்கில் திரியும் இல்லை, வலையும் இல்லை. குழாய் முனையின் சிறு பிளவிலிருந்து வெளிவரும் வாயு மீன்வால்போல் விரிந்து அப்படியே எரியும். அந்தச் சுடருக்கு ஒளி தந்தது எது? டேவி சொன்ன அதே கரித்துகள்தான். சுடரில் கரி இல்லையென்றால் வெளிச்சமே இல்லை. எனவே வாயு செய்தவர்களும் கரி மிகுந்த, மஞ்சளாக எரியும் வாயுவையே நல்ல வாயு என்று மதித்தனர். வாயு விளக்கு எரிந்த அறைகளின் மேற்கூரை கறுத்துப்போவதை மக்கள் ஒளிக்குக் கொடுக்கும் விலையாக ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கணக்கை இரண்டு ஜெர்மன் மொழி அறிஞர்கள் தலைகீழாக்கினர். 1855-ஐ ஒட்டி ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பன்சன் தம் ஆய்வகத்துக்காக ஓர் அடுப்பை வடிவமைத்தார். அதைச் செய்து கொடுத்தவர் பீட்டர் டெசாகா என்னும் கருவி வினைஞர். வாயு எரிவதற்கு முன்பே குழாயின் அடியிலுள்ள துளை வழியாகக் காற்றை உள்ளிழுத்துக் கலந்துவிடுவதே அதன் நுட்பம். துளையை மூடினால் மஞ்சள் சுடர். திறந்தால் கரியற்ற நீலச் சுடர். நம் வீட்டு எரிவாயு அடுப்பு ஒவ்வொன்றும் பன்சன் அடுப்பின் பிள்ளையே. அடுப்புக்கு அடியில் குனிந்து பார்த்தால், வாயு நுழையும் இடத்தில் காற்றுக்கான திறப்பையும் சிலவற்றில் அதைக் கூட்டிக் குறைக்கும் சிறு வளையத்தையும் காணலாம்.

நீலச் சுடரில் சூடு உண்டு, ஆனால் ஒளி இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். 1885-இல் அவர் உரிமம் பெற்றதும், 1891-இல் திருத்தமான வடிவில் விற்பனைக்கு வந்ததும், நம்மூர்ப் பெரியவர்கள் 'மேண்டில்' என்று சொல்லும் வலை. தோரியம் ஆக்சைடுடன் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் சீரியம் ஆக்சைடு சேர்ந்த அந்த வலை நீலச் சுடரின் சூட்டில் வெண்ணிறமாக ஒளிர்ந்தது. ஒளிக்குக் கரி வேண்டியதில்லை என்றாகிவிட்டது.

இங்கே தமிழ் மண்ணுக்கு ஒரு தொடர்பு உண்டு. தோரியம் எடுக்க மோனசைட் என்னும் மணல் வேண்டும். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அது இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலார் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது. இன்று அவ்வூர் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. மணல் ஆலையும் இந்திய அரசு நிறுவனத்தின்கீழ் இயங்கிவருகிறது. ஐரோப்பிய நகரங்களின் இரவுகளை வெளிச்சமாக்கியதில் நம் குமரிக் கடற்கரை மணலுக்கும் பங்குண்டு என்பதைப் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை.

காலாங் ஆலையின் பின்வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலை நகராட்சியின் கைக்கு மாறியது. 1906-இல் மின் விளக்குகள் தெருவுக்கு வந்தபின் வாயுவின் பணி மெல்ல மெல்ல விளக்கிலிருந்து அடுப்புக்கு நகர்ந்தது. 1963-இல் அமைந்த பொதுப் பயனீட்டுக் கழகம் ஆலையை ஏற்றது. 1950-களின் இறுதியில் நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயும், பின்னர் நாஃப்தாவும் மூலப்பொருளாயின. 1998 மார்ச்சில் காலாங் ஆலை மூடப்பட்டது; வாயு உற்பத்தி செனோக்கோவுக்கு மாறிவிட்டது. சிறுமியாகப் பேருந்தில் செல்லும்போது சாளரம் வழியே அந்தப் பெரும் தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் உயரமாகவும் மறுநாள் தாழ்ந்தும் அவை நிற்பதைக் கண்டு, "யாரோ அதைத் தின்றுவிடுகிறார்கள்" என்று அம்மாவிடம் சொன்னேனாம். ஒருவகையில் உண்மைதான். ஊரே சேர்ந்து தின்றது.

இனி எங்கள் வீட்டுக் கதை. 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுமத்ராவின் காட்டுத்தீயால் சிங்கப்பூர் புகைமூட்டத்தில் மூழ்கியது. ஜூன் 21 நண்பகலில் காற்றுத் தூய்மைக் குறியீடு 401-ஐத் தொட்டது. எல்லா வீடுகளையும்போல எங்கள் வீவக வீட்டிலும் சன்னல்கள் அடைக்கப்பட்டன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் உறவினர் ஒருவர் வீடு மாறும்போது தம் இரட்டை அடுப்பை எங்களுக்குத் தந்திருந்தார். எங்கள் வீட்டில் சிலிண்டர். அடுப்பு வீறுகொண்டு எரிந்தது. "என்ன தீ, என்ன தீ!" என்று அம்மா மகிழ்ந்தார். குமிழைப் பாதிக்குமேல் திருப்பவே தேவையில்லை. வாயு மிச்சமாகிறது என்றுகூட எண்ணினோம்.

முதலில் கறுத்தது சோற்றுப்பானையின் அடி. பானை மட்டம் என்று எண்ணித் தேக்காவில் புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் மூன்றே நாளில் கறுத்தது. பிறகு அம்மாவுக்குத் தலைவலி. காலையில் சமைக்கத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் வரும். மாலையில் சற்றே தணியும். புகைமூட்டம் என்றோம். ஊரே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. முகக்கவசமும் மாத்திரையும் வாங்கிவந்தோம். இடையில் அம்மா இரண்டு நாள் அங் மோ கியோவில் உள்ள சின்னம்மா வீட்டில் தங்கினார். அங்கே தலைவலி இல்லை. திரும்பி வந்த மறுநாளே மீண்டும் வந்தது. அன்றிரவு பானையைத் துலக்கிக்கொண்டிருந்தபோது எனக்குச் சுருக்கென்றது. அங் மோ கியோவிலும் அதே புகைமூட்டந்தானே? அங்கே வராத தலைவலி இங்கே மட்டும் எப்படி வருகிறது? வகுப்பில் பிள்ளைகளுக்குக் காரண காரியம் கற்பிக்கும் நான் என் வீட்டில் அதைக் கேட்க மறந்திருந்தேன்.

மறுநாள் உரிமம் பெற்ற பணியாளர் ஒருவர் வந்தார். அடுப்பைப் பற்றவைத்து ஒரு நொடி பார்த்தார். உடனே அணைத்துவிட்டு, வேறெதுவும் சொல்லாமல் சன்னல்களைத் திறந்தார். "டீச்சர், இது குழாய் கேஸுக்கு உள்ள அடுப்பு. சிலிண்டர்ல மாட்டவே கூடாது. அம்மா நல்ல வேளையாத் தப்பிச்சாங்க" என்றார். புகைமூட்டத்துக்கு அஞ்சி அடைத்த சன்னல்கள் உள்ளே விளைந்த நஞ்சை வெளியேற விடாமல் காத்து வந்தன என்பது அப்போதுதான் விளங்கியது.

அவர் சொன்னதன் பொருளைப் பின்னர் நான் விரிவாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். சிங்கப்பூரில் இரு வகை வாயு சமையலுக்குப் பயன்படுகிறது. குழாயில் வரும் நகர வாயுவில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன். மீதேன் முதலியன எஞ்சியவை. சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும். ஒரே கன அளவில் புரொப்பேன் தரும் வெப்பம் நகர வாயு தருவதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். நகர வாயு ஒரு பங்கு எரிய நாலைந்து பங்கு காற்று போதும்; புரொப்பேன் ஒரு பங்குக்கோ ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும். எனவே குழாய் வாயு அடுப்பின் முனைத்துளை பெரிது. சிலிண்டர் அடுப்பின் துளை மிகச் சிறிது. பெரிய துளை வழியே சிலிண்டர் வாயுவை விட்டால் அது எரியத் தேவையான காற்றுக்கு எங்கே போவது? பாதி எரிந்த நிலையில் மஞ்சளாகக் கரி கக்கும். "என்ன தீ!" என்று நாங்கள் வியந்தது அதைத்தான்.

கரி மட்டும் என்றால் பானையைத் தேய்த்துவிடலாம். காற்றுப் போதாத தீ கரியோடு கார்பன் மோனாக்சைடையும் உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், பிறகு மயக்கம் என்று வரிசையாக வரும். கரி நம் கண்ணுக்குத் தெரிகின்ற தூது; அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இந்த நஞ்சு நிற்கக்கூடும். ஆகவே பெற்றோர்களே, நேற்றுவரை வெள்ளையாக இருந்த பானையின் அடி இன்று கறுத்தால் பானையைக் குறைசொல்லாதீர்கள். அடுப்பின் துளைகளில் பொங்கி வழிந்த கஞ்சி அடைத்திருக்கலாம்; எரிமுனையின் மூடி கழுவியபின் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம்; காற்று வளையம் மூடிக்கொண்டிருக்கலாம்; நூலாம்படையும் தூசியும் காற்று வழியை அடைத்திருக்கலாம். மூடியைக் கழற்றிக் கழுவி, நன்கு உலர்த்தித் திரும்ப வைப்பதுவரை நாமே செய்யலாம். அதன்பின்னும் சுடர் மஞ்சளாகவே இருந்தால் அடுப்பை அணைத்து, சன்னலைத் திறந்து, உரிமம் பெற்றவரை அழையுங்கள். முனைத்துளையிலும் குழாயிலும் கைவைக்கும் வேலை நமக்குரியதன்று. (உப்புத் தண்ணீர் தெறித்தால் சுடர் சிறிது நேரம் மஞ்சளாகும், அது சோடியத்தின் நிறம், அதில் கரியும் இராது, அச்சமும் வேண்டியதில்லை.)

தங்கைக்கு வருகிறேன். அவளுடைய கணப்பின் சிக்கல் எங்களுடையதைவிடச் சுவையானது. அங்கே சுடர் மஞ்சளாக இருப்பது பிழையன்று. அழகுக்காக அவ்வாறே அமைக்கிறார்கள். 1864-இல் காலாங் வாயு தெருவுக்குத் தந்த அதே கரிச்சுடரை இன்று காசு கொடுத்துக் கூடத்தில் வைத்துக்கொள்கிறார்கள்! எனவே அந்த அடுப்பு எப்போதும் கரியின் விளிம்பிலேயே நிற்கிறது. கட்டைகளை வைக்கும் இடத்தைச் செய்தவர்கள் விரலளவு பிசகாமல் வகுத்திருப்பார்கள். கட்டை நகர்ந்து சுடரில் குறுக்கிட்டால், கண்மைக்குக் கவிழ்த்த தட்டைப்போல் அதுவும் தீயைக் குளிர்வித்துக் கரி பிடிக்கும்.

"அண்மையில் யாரேனும் அந்தக் கட்டைகளை எடுத்தார்களா?" என்று கேட்டு எழுதினேன். கோடையில் தூசி துடைப்பதற்காக எல்லாவற்றையும் வெளியே எடுத்ததாகவும், திரும்ப அடுக்கியவன் தன் மகன் என்றும், முன்பு இருந்ததைவிட அழகாக அடுக்கிவிட்டதாக அவன் பெருமைப்பட்டான் என்றும் பதில் வந்தது. பணியாளர் வந்து பார்க்கும்வரை அதைப் பற்றவைக்கக் கூடாது என்றும், கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி ஒன்றை உடனே வாங்கி மாட்டவேண்டும் என்றும் எழுதினேன். கருவியை அன்றே வாங்கிவிட்டாள். அடுத்த வாரம் வந்த பணியாளர் கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்துக் கட்டைகளை அடுக்கினார். காற்றுத் திறப்பில் சேர்ந்திருந்த பூனை மயிரையும் நீக்கினாராம்.

எங்கள் பழைய பானை இன்னும் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் அடியில் ஒரு வட்டம் போகவில்லை. அம்மா அதில் இப்போது அரிசி கொட்டி வைத்திருக்கிறார்.